பத்தியம்

சியூரி வீட்டில் கோழிக் கழுத்து வேகிற நாள்
ஒன்பது மாடிக்கும் தெரிந்துவிடும்.
திபிலீசியின் இந்தக் கோடியில்
சுவர் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான்.

அவள் ஏழாம் மாடி, நான் எட்டு.
ஆவி குழாயோரமாக ஏறி வந்து
என் அலமாரியைத் திறந்து
என் கோட்டை மாட்டிக்கொள்ளும்.
இரண்டு முறை புகார் எழுதினேன்.
மூன்றாம் முறை கதவையே தட்டினேன்.

கரண்டியோடு வந்து திறந்தாள்.
"எழுதாதே வாலிகோ, வாயால் சொல்."
சொல்ல வந்தது தொண்டையில் நிற்க
"வெங்காயம் போடவில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

வெங்காயம் அதுகளுக்கு ஆகாது.
பூண்டு அதைவிட ஆகாது.
மிளகு வேண்டாம்,
உப்பு வேண்டவே வேண்டாம்.
பூசணி, கேரட், ஒரு பிடி பார்லி,
சந்தை மூடும் நேரத்தில் பாதி விலைக்கு வந்த கழுத்துகள்.
வெந்த எலும்பு ஊசியாய் உடையும்,
குடலைக் கிழிக்கும்.
ஆகவே அவள் சமையலில் பாதி
உட்கார்ந்து உதிர்ப்பதுதான்:
கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி,
கணுக் கணுவாய்,
யாருக்கோ கடிதம் படிப்பவள் போல.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
உண்மைதான்.
இதுவும் குப்பைத்தொட்டி வரைதான் போகிறது,
அங்கே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள்,
காதில் நகராட்சியின் மஞ்சள் வில்லையோடு.

லிஃப்டில் இறங்க இனாம்.
ஏறத்தான் பத்து தெத்ரி.
நிறைந்த குண்டானுக்குக் காசில்லை,
காலிக் குண்டானுக்கு உண்டு.
இதை ஒரு நாள் அவளிடம் சொன்னேன்.
"முப்பது வருஷம் மினிபஸ் ஓட்டியவன் அல்லவா,
உனக்கு டிக்கெட் மட்டும்தான் தெரியும்" என்றாள்.

இலையுதிர் முடிவில் எனக்கு ரத்த அழுத்தம்.
மருத்துவர் பட்டியல் போட்டார்:
ஊறுகாய் கூடாது,
பாலாடைக்கட்டி கூடாது,
உப்பு கூடவே கூடாது.
படிக்கட்டில் அந்தத் தாளைப் பார்த்து
சியூரி சிரித்த சிரிப்பில்
கீழே பொம்போரா குரைத்தது.

அன்று முதல் எனக்கும் ஒரு கிண்ணம்.
நாய்க்கும் எனக்கும் ஒரே பத்தியம்.
முதல் வாய் வெந்நீர் போலிருந்தது.
இரண்டாம் வாரம் பூசணி தெரிந்தது.
மாதக் கடைசியில்
பார்லிக்குள் ஒரு மெல்லிய இனிப்பு,
இத்தனை வருஷம்
உப்பு வாசலில் நின்று உள்ளே விடாதது.

ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி
சியூரி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.
மருத்துவமனையிலிருந்து செய்தி வரவில்லை,
சாவி வந்தது.

நான் சமைத்தேன்.
பழகிய கை உப்பு ஜாடிக்குப் போனது;
போன கையை
மற்ற கை பிடித்து இழுத்தது.
கழுத்துகளை ஆறவைத்து உட்கார்ந்தேன்.
ஸ்டீயரிங் பிடித்த விரல்களுக்கு
இத்தனை சின்ன எலும்புகள் உலகில் இருப்பது
அதுவரை தெரியாது.
சுண்டுவிரல் வைத்துச் சூடு பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.

ஐந்தும் குண்டானை மோந்தன.
குடிக்கவில்லை.
எனக்குப் பின்னால் லிஃப்ட் கதவைப் பார்த்தன.
அது திறந்தது.
யாரோ ஒரு பையன், பந்தோடு.
மூடியது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
ஒரு நாளும் உப்பே இடாத ஒருத்தியை
இதுகள் இப்படி நினைக்கின்றன.

பொம்போராதான் முதலில் நாக்கை நீட்டியது,
எனக்காகப் போனால் போகிறது என்பது போல.

மேலே வந்தபோது கதவிடுக்கில் ஒரு தாள்.
ஒன்பதாம் மாடி ரெவாஸ்:
'நாற்றம். இது கடைசி எச்சரிக்கை.'
கையெழுத்து அழகாகவே இருந்தது.
நாலாய் மடித்து
சுடு குண்டானுக்கு அடியில் வைத்தேன்.

இரவு போனில் சியூரி.
"எலும்பெல்லாம் எடுத்தாயா?"
"எடுத்தேன்."
"எல்லாமா?"
"எல்லாம்."
"கேமராவில் கட்டைவிரலைக் காட்டு."

காட்டினேன்.
நெய்ப்பசை, இரண்டு கீறல்,
நகத்தடியில் ஒரு பார்லி.

வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"நாளைக்குக் கேரட்டைக் கொஞ்சம்
பொடியாக நறுக்கு."